என்னைத் திருப்பிப் போட்ட கைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நானும் என் சேக்காளியும் மரம் கழிக்கிற வேலையில் இருந்தோம். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நிழல் மிஞ்சினால் செடி அழுகிப்போகும். அதனால் மழை பிடிப்பதற்கு முன்பே பெரிய மரங்களில் ஏறிக் கிளைகளை வெட்டி இறக்குவார்கள். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறுவான். இன்னொருவன் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வான். நான் ஏறுகிறவன். அவன் பிடிக்கிறவன். வரிசை வீடுகளான ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். அவன் பிடித்திருக்கிறான் என்றால் நான் கீழே பார்க்கக்கூட மாட்டேன்.

அன்று காலை கயிற்றை இழுத்துப் பார்த்தவன் அவன்தான். நடுவில் நார் பிரிந்திருந்தது. சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"இந்தக் கயிறு ஆகாதுங்கய்யா. ஆளு பாரம் தாங்காது."

"இன்னும் ரெண்டு மரந்தானடா பாக்கி? முடிச்சுட்டு வாங்க. புதுக் கயிறு போடியில சொல்லிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான், "விடு மாப்ள, ஏறிருவோம்" என்றேன். ஏறினேன். இரண்டாவது மரத்தில் பாதிக் கிளை கழித்திருந்தபோது கால் வழுக்கியது. கயிறு ஒரு நொடி இடுப்பை இறுக்கியது. பிறகு இறுக்கவில்லை.

வேர் மேல் விழுந்தேன். வலி பெரிதாக இல்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ சூடாக ஓடுவதுபோல இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவன் அலறிக்கொண்டு ஓடி வந்து, என்னை மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். என் தலை அவன் முதுகில் இடித்தது. "காலு எங்கடா, என் காலு எங்கடா" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேனாம். "இருக்குடா, இந்தா பிடிச்சிருக்கேன்ல" என்று அவன் அழுதுகொண்டே சொன்னானாம். இந்தப் பேச்சு மட்டும் லயத்துக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தோட்டத்து ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே சுருட்டிப் படுக்கவைத்து, போடிமெட்டு வளைவுகளில் இறக்கி, சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு முறிந்து உள்ளே தண்டுவடம் நசுங்கிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "இனிமே இங்க செய்யறதுக்கு ஒன்னுமில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பினார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அப்பா அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் நானும் தங்கையும்தான். அவளுக்கும் என் சேக்காளிக்கும் கல்யாணம் பேசி வைத்திருந்தது. நான் விழுந்ததால் அது நின்றுபோகும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். படுத்த படுக்கையாக அண்ணன் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அவன் எடுத்தான். கோயிலில் தாலி கட்டிவிட்டு, அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகாமல் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தான். அவனைப் போல ஒருவன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று பலரும் என் காது படவே சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆனால் நான் அழுகிக்கொண்டிருந்தேன். மல்லாந்தே கிடந்ததில் இடுப்பெலும்புக்கு மேல் புண் வந்து, குழிந்து, உள்ளே போனது. எனக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. நாற்றத்தால்தான் தெரிந்துகொண்டேன். தங்கை சாம்பிராணி போடுவாள். சன்னலைத் திறந்தால் பனி அடிக்கும், மூடினால் நாற்றம். திறந்து மூடித் திறந்து மூடி அந்த மழைக்காலம் போனது.

அப்போதுதான் சிஸ்டரம்மா வந்தார். சாந்தன்பாறை பஜாரில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்க வந்தவரின் மனைவி. கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த ஊர். கோயமுத்தூரில் நர்ஸாக இருந்தவர். முதுகெலும்பு முறிந்தவர்களைப் பார்க்கிற வார்டில் பல வருஷம் வேலை செய்தவர். எங்கள் லயத்தில் ஒரு பிரசவத்துக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது எங்கள் வாசலில் நின்றார். நாற்றத்தை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, எத்தன நாளா இப்படியே மல்லாக்கப் படுத்திருக்கறீங்க?"

"விழுந்ததுல இருந்துங்கம்மா."

"யாரும் திருப்பிப் போடறதில்லீங்களா?"

"அசைக்கக் கூடாதுன்னு நெனச்சோம்" என்றாள் தங்கை.

"அசைக்காம வச்சா இவரு செத்துப் போவாருங்க" என்றார் சிஸ்டரம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடது பக்கம், வலது பக்கம், முடிந்தால் குப்புற. முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் ஒரே கட்டையாகப் புரட்ட வேண்டும். சிறுநீர்க் குழாயைக் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் சேக்காளிதான் முதலில் செய்து பழகினான். சிஸ்டரம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் மெதுவாங்க, இன்னும் மெதுவா" என்றார். மரக்கிளை பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் அவ்வளவு சீக்கிரம் பதம் கற்றுக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. புண் ஆற ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஆறியது.

புண் ஆறிய பிறகு சிஸ்டரம்மா கேட்டார்: "இந்த மலையில உங்களாட்ட இன்னும் எத்தன பேரு கெடக்கறாங்க?"

எங்களுக்குத் தெரியாது. ஜீப் டிரைவர்களுக்குத் தெரிந்திருந்தது. விழுந்தவர்களை இறக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே. சக்குபள்ளத்தில் ஒரு கங்காணி, மரத்திலிருந்து விழுந்தவர். மறையூரில் கரும்பு வண்டி சாய்ந்து அடியில் மாட்டிக்கொண்ட ஒருவன். இப்படி ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. சிஸ்டரம்மா போய்ப் பார்த்தார். சில வீடுகளில் போய்ச் சேர்வதற்குள் ஆள் போயிருப்பார். சில வீடுகளில் உள்ளே விடமாட்டார்கள்.

சக்குபள்ளத்துக் கங்காணி யாரிடமும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தே கிடக்கிறார், புண்ணைத் தொடவிடுவதில்லை என்று அவருடைய மனைவி சொல்லி அழுதார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாருங்க. நீங்க வந்தாக் கேப்பாரு" என்றார் சிஸ்டரம்மா என்னிடம். நான் வீட்டை விட்டு வெளியே போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் சேக்காளி ஒரு பலகை செய்தான். ஆள் நீளத்துக்கு மூங்கில் சட்டம் வைத்து, பழைய டிராக்டர் டியூபை வெட்டி மேலே விரித்து, வார் வைத்துக் கட்டுகிற மாதிரி. அதில் என்னைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.

கங்காணி என்னைப் பார்க்கவில்லை. என்னை ஒருக்களித்துப் போடச் சொல்லி, நான் முதுகுப்பக்கம் சட்டையைத் தூக்கி, "அண்ணாச்சி, இதப் பாருங்க" என்றேன். ஆறிய புண்ணின் தழும்பு. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார்.

"தொட்டா தெரியுதா ஒனக்கு?"

"தெரியாதுங்க."

"எனக்குந் தெரியல" என்றார். பிறகு, "நான் மட்டும்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் எங்கள் வேலையைத் தொடங்கி வைத்தது. சிஸ்டரம்மாவோடு முன்பு வேலை பார்த்த ஓர் எலும்பு டாக்டர் அடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சிஸ்டரம்மா அவரிடம் பேசி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூப்பாறைக்கு ஏறி வர ஏற்பாடு செய்தார். ஏலக்காய் வியாபாரி ஒருவர் சரக்கு வைக்கிற கிட்டங்கியைக் காலி செய்து கொடுத்தார். பஸ் கண்டக்டர்கள் சேதி கொண்டுபோனார்கள். கொதிக்க வைத்த குழாயும் மருந்தும் அவர்கள் கைப்பையிலேயே ஊர் ஊராகப் போயின. மறையூருக்கு ஆள் போக முடியாத மழை நாட்களில் மூணாறு பஸ்ஸில் சொல்லிவிட்டால் போதும். எங்கள் பலகையைப் பார்த்து ஒரு தச்சாசாரி அதேபோலப் பல செய்தார். பல தோட்டங்களின் ஸ்டோரிலும், ரோட்டோரத்து டீக்கடைகளிலும் ஒவ்வொன்று வைத்தோம். யார் விழுந்தாலும் பலகையில் கட்டித்தான் தூக்க வேண்டும், தோளில் போடக்கூடாது, சுருட்டக்கூடாது. இதைச் சொல்வதற்கே லயம் லயமாகப் போனோம். முன்னால் நடந்து போய்ப் பேசுகிறவன் என் சேக்காளி. பின்னால் ஜீப்பில் படுத்துக்கொண்டு வருகிறவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் எல்லோரும் இருக்கும்போது டாக்டர் ஒவ்வொருவரையும், "விழுந்ததும் எப்படித் தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கம்பளியில் என்றார் ஒருவர். கட்டிலில் என்றார் கங்காணி. முதலில் அடிபட்டதைவிடத் தூக்கும்போது ஏற்பட்ட சேதம் சில சமயம் பெரிதாக இருக்கும், விழுந்த உடனே கால் விரல் அசைந்தவர்கள்கூட ஆஸ்பத்திரி வருவதற்குள் அசைவு போய்விடுகிறது என்று டாக்டர் விளக்கினார். என்னிடம் வந்தார். என் சேக்காளி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் எனக்குத் தெரிந்தது.

"ஞாபகமில்லங்க டாக்டர்" என்றேன்.

அவன் வெளியே போய்விட்டான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவன் வேண்டுமென்றா செய்தான்?

நாலைந்து வருஷத்தில் நாங்கள் பல பேர் ஆனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் புண்ணையும் குழாயையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, எப்படி விழுந்தோம் என்ற பேச்சு தானாக வரும். மரத்திலிருந்து விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே கதைதான். கயிறு பழசு, மழைக்கு முன் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். இவ்வளவு பேரைப் பார்த்துக்கொள்ள ஓடுகிறோமே, விழாமல் இருக்க என்ன செய்கிறோம் என்று நான் கேட்டேன். டாக்டரும் அதையே சொன்னார். கழிப்பு தொடங்குவதற்கு முன் கயிற்றைக் காட்ட வேண்டும், தொழிலாளி சரி என்று சொன்னால்தான் ஏற வேண்டும் என்று எல்லாத் தோட்டத்திலும் கேட்பது என்று முடிவு செய்தோம். எங்கள் தோட்டத்து ஆபீசில் போய்ப் பேச என் சேக்காளியை அனுப்பினோம். அவனைவிட நன்றாக அதைச் சொல்லக்கூடியவர் யார்?

போனான். மறுபடி மறுபடி போனான். "தொரை யோசிக்கிறேங்கறாரு" என்றான். பிறகு ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கித் தரப்போகிறார்களாம். இரண்டு கட்டில், ஒரு சக்கர நாற்காலி, அவசரத்துக்கு ஜீப். எல்லாத் தோட்டத்துக்காரர்களும் அங்கேயே வந்து பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் இனிக் கிட்டங்கியில் உட்கார வேண்டாம்.

"கயிறு?" என்று கேட்டேன்.

"அதுவும் பேசிக்கிட்டிருக்கு மச்சான். ஒன்னொன்னா வாங்குவோம்."

நான் நம்பினேன். அன்று தங்கை பாயசம் வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு எங்களையெல்லாம் பலகையிலும் நாற்காலியிலும் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்தார்கள். சக்குபள்ளத்துக் கங்காணி எனக்குப் பக்கத்தில் இருந்தார். புது வேட்டி, நெற்றியில் திருநீறு. வெயில் அடித்தது. மேடையில் மேனேஜர், பக்கத்துத் தோட்டத்து முதலாளிகள், டாக்டர், சிஸ்டரம்மா. மேனேஜர் மலையாளத்தில் பேசினார். பிறகு தொழிலாளிகள் சார்பில் பேச என் சேக்காளியைக் கூப்பிட்டார்கள்.

அவன் நன்றாகப் பேசுவான். நாங்கள் தொடங்கிய கதையைச் சொன்னான், பலகையைப் பற்றிச் சொன்னான். கைதட்டினார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்கன உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் எனக்கு உசுருக்கு உசுரானவங்க. இருந்தாலும் உள்ளதச் சொல்லணும். குடிச்சுட்டு மரத்துல ஏறுனதால வந்தது இது. நம்ம தோட்டங்கள்ல கயித்துக்கோ மத்த சாமானுக்கோ ஒரு கொறையும் கெடையாது. நம்ம பயலுகதான் சூதானமா இருக்கல. இருந்தும் தொரைமாரு நம்மளக் கைவிடல."

யாரைச் சொல்கிறான் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரோ ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். கங்காணி என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, அது யாரச் சொல்றாரு?"

அவர் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. "நம்மளத்தாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி பின்வரிசையில் இருந்தார். அவரும் கேட்டிருப்பார். லயமே கேட்டது. சிஸ்டரம்மா எழுந்து மேடையை விட்டு இறங்கிப் போனார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என் சேக்காளிக்குத் துண்டு போர்த்தினார்.

என்னால் எழுந்து போக முடியாது. விழா முடியும் வரை முன்வரிசையிலேயே இருந்தேன். மாலை போட்டார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, தினமும் கேட்கிற அதே குரலில், "மச்சான், திருப்பணும்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் புண் வரும். புண் வந்தால் மறுபடி ஒரு வருஷம். ஒரு மனிதன் மேல் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக்கூட எனக்கு அவன் கை தேவைப்பட்டது. தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. தோளில் வைத்த கை மட்டும் எனக்குத் தெரியும். ஒரே கட்டையாக, முறுக்காமல், மெல்லப் புரட்டினான். என் முகம் அவன் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

"என்னைக்குடா நான் குடிச்சுட்டு ஏறுனேன்?"

அவன் தலையணையை எடுத்து முழங்கால்களுக்கு நடுவே வைத்தான்.

"ரூம் வேணும்ல மச்சான். கயித்தப் பத்தி மூச்சு விடக்கூடாது, அப்பத்தான் ரூமுன்னாங்க. ரூம் இருந்தா நீங்கல்லாம் பொழச்சுக் கெடப்பீங்க."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ ஒத்துக்கிட மாட்ட."

"அன்னைக்குக் கயித்தக் கொண்டுபோய்க் காட்டுனது நீதான?"

"நாந்தான்."

"அத அவங்ககிட்டச் சொன்னியா?"

"அவங்க கேக்கல" என்றான்.

நான் அதுவரை சொல்லாததைச் சொன்னேன். "நீ என்னத் தூக்குன விதத்த நான் டாக்டர்கிட்டச் சொல்லல. ஞாபகமில்லன்னேன். எனக்கு ஞாபகம் இருந்துச்சுடா."

"தெரியும்" என்றான். "அன்னைக்கே தெரியும்."

பிறகு போர்வையை இழுத்து என் காலை மூடினான். எனக்குக் குளிர் தெரியாத கால் அது. அவன் எப்போதும் மூடுவான்.

தண்ணீர் கேட்டேன். தங்கை கொண்டுவந்தாள். சொம்பை வாயில் வைக்கும்போது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஒனக்கும் முன்னாடியே தெரியுமா?"

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. "தெரியும்ணே. ஒனக்குக் கட்டில் கெடைக்குதேன்னுதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் செய்ததற்கு வரவில்லை. என்னைச் சுற்றி எல்லோரும் கூடி எனக்கு எது நல்லது என்று முடிவு செய்து, அதற்கு விலையாக என் பேரைக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். கால் போனபோது லயத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து, தெருவில் விளையாடுகிற பிள்ளைகளிடம், "குடிச்சா அந்த மாமா மாதிரி ஆயிருவீங்க" என்று தாய்மார் சொல்வது என் சன்னலுக்குக் கேட்டது.

அவனுக்கு டிஸ்பென்சரி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மரவேலை நின்றது. அதற்காகத்தான் செய்தான் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் உண்மையிலேயே எங்களைப் பிழைக்க வைக்க விரும்பினான். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அது தெரிந்தும் எனக்கு மனசு ஆறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த அறைக்கு நான் போகவில்லை. கங்காணியும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவருக்குச் சிறுநீரில் கிருமி பிடித்துக் காய்ச்சல் கண்டது. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகலாம் என்று மனைவி கெஞ்சியும் கேட்கவில்லையாம். கிட்டங்கியை வியாபாரி திரும்ப எடுத்துக்கொண்டதால் டாக்டரும் பூப்பாறைக்கு வருவதில்லை. சிஸ்டரம்மா போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் போகாததால் அவர் போகவில்லையா, நான் போயிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டாரா, எனக்குத் தெரியாது.

சிஸ்டரம்மாவின் கணவர் கடைவேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. விடைபெற வந்தவர் என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக்கு வந்துருங்க தம்பி. தோட்டத்துச் சாளையில ஒரு ரூம்பு சும்மாதானுங்க கெடக்குது. அங்கயும் பனை ஏறி உளுந்தவங்க, கெணத்துல உளுந்தவங்க நெறையப் பேரு இருக்கறாங்க. எனக்கும் ஒத்தாசைக்கு ஆளு வேணுங்க."

தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வர்றேங்கம்மா" என்றேன். புறப்பட்ட அன்று என்னைப் பலகையில் கட்டி ஜீப்பில் ஏற்றியதும் என் சேக்காளிதான். வாரை இறுக்கிவிட்டு, "ரோட்டுல பாத்து ஓட்டுப்பா" என்று டிரைவரிடம் சொன்னான். தங்கை ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. "நடக்காத, நில்லு" என்றேன்.

கொழிஞ்சாம்பாறையில் வெயில் வேறு, பேச்சு வேறு. சிஸ்டரம்மாவின் குடும்பம் நிலம் உள்ள குடும்பம்; அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் என்னைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டார்கள். முதல் சில மாதங்கள் யார் கை பட்டாலும் உடம்பு விறைத்துக்கொள்ளும். கூச்சம் என்று அவர்கள் நினைத்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியோடு பேசி, மலையில் செய்ததையே இங்கேயும் தொடங்கினோம். பலகைகள், குழாய்கள், பஸ் கண்டக்டர்கள். ஒன்றை மட்டும் மாற்றினோம். விழுந்தவர் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி வெளியே யாரும் எதுவும் பேசக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவன் வந்தான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. பெண் குழந்தை, தங்கையின் முகம். தங்கை வரவில்லை, நான் முகம் கொடுக்காமல் போய்விடுவேனோ என்று பயமாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசினான். பிறகு, அதற்காகவே வந்தவன்போல, ஒரு சேதி சொன்னான். போன கழிப்பில் ஒரு பையன் விழுந்தான். பலகையில் கட்டித் தூக்கி, அறையில் கிடத்தி, அசையாமல் அடிவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

"நடக்கிறான் மச்சான்" என்று மறுபடி சொன்னான். அவன் கண் நிறைந்திருந்தது.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "நல்லது மாப்ள" என்றேன். பிறகு கேட்டேன்: "எப்படி விழுந்தான்?"

"கயிறுதான்."

"ஆபீசுல என்னன்னு சொன்னீங்க?"

அவன் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தான். "வழக்கமாச் சொல்றதுதான்" என்றான்.

சிஸ்டரம்மா சாப்பாடு போட்டார். சாப்பிட்டான். என்னைத் திருப்புகிற நேரம் வந்தபோது, பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். நான் சிஸ்டரம்மாவின் தம்பியைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டேன். அவர் வரும் வரை அவன் அப்படியே நின்றான். அவர் வந்து என்னைப் புரட்டியபோது, "இடுப்புக்குக் கொஞ்சம் கீழ பிடிங்கண்ணே, அங்கன எலும்பு இடிக்கும்" என்று சொன்னான். சரியாகத்தான் சொன்னான். என் உடம்பை அவனுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். குழந்தையை என் கன்னத்தில் முத்தம் கொடுக்கச் சொன்னான். அது பயந்து அழுதது.

அவன் போன பிறகு சிஸ்டரம்மா வந்து இலையை எடுத்தபடி, "ஏனுங்க, மனசு ஆறிப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"செரி. ஆறாட்டிப் போகுது உடுங்க" என்றார். "வண்டித்தாவளத்துல ஒருத்தரு பனையில இருந்து உளுந்து ரெண்டு மாசமாக் கெடக்கறாராமா. காலைல நேரமே போகோணும்."

மறுநாள் போனோம். அந்த வீட்டில் உள்ளே நுழையும்போதே நாற்றம் வந்தது. அந்த ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.